நகை கைக்கு வந்தால்தான் மீட்பு

பெரிய வெள்ளியன்று பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஏழு வார்த்தை தியானம். முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கு நின்றேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீதிக்காரர் கையைப் பிடித்து, "பெரிய வெள்ளி வாழ்த்துங்க" என்றார். துக்க நாளுக்கு வாழ்த்துச் சொல்வதில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அவரே தொடர்ந்தார்: "இன்னைக்கு கவர்மெண்டே லீவு வுடுது. கோயில்ல கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குது. அப்ப இதுதானுங்களே உங்களுக்குப் பெரிசு? ஞாயித்துக்கிழமை எதுக்குங்க தனியா ஒண்ணு?"

ஈஸ்டர் எப்போதும் ஞாயிறன்றுதான் வரும்; அதற்கு எங்கே தனியாக லீவு விடுவது! ஆனால் அவர் கேள்வி அதுவல்ல. எதிரில் தெரிந்த நகைக்கடன் போர்டைக் காட்டினேன்.

"ஏனுங்ணா, செயினை அடகு வெச்சிருக்கீங்க. அசலும் வட்டியும் உங்களுக்காக ஒருத்தர் கட்டிட்டார். செயின் மட்டும் இன்னும் அவங்க பெட்டிலயே கெடக்குது. மீட்டாச்சும்பீங்களா?"

"அதெப்படிங்க? நகை கைக்கு வரோணுமல்ல?"

கத்தோலிக்கர்கள் 'மீட்பு' என்பதும் சி.எஸ்.ஐ. சபையார் 'இரட்சிப்பு' என்பதும் ஒன்றேதான். சிலுவையில் கடன் தீர்ந்தது. தீர்ந்ததற்கு அடையாளமாக, அடகில் போன உயிர் ஞாயிறு விடியலில் திரும்பி வந்தது. இயேசு நம் பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டார், நாம் நீதிமான்களாகும்படி எழுப்பப்பட்டார் என்று அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதுவது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. கடன் யாருக்குக் கட்டப்பட்டது என்று நோண்டினால் ஆதித் திருச்சபைப் பிதாக்களே ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அவர் விடவில்லை. "செத்தவங்க பொழச்சு வர்றது நம்மூர்லயும் உண்டுங்களே. அவினாசியில முதலை வாய்ப்பிள்ளை?"

இந்தக் கேள்விக்காகவே இன்னொரு டீ சொன்னேன். குளத்தில் குளித்த இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருடம் கழித்து, தப்பியவன் வீட்டில் பூணூல் கல்யாணம். எதிர் வீட்டில் அழுகை. அந்த வழியாக வந்த சுந்தரர் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது. நடுவில் போன வருடங்களின் வளர்ச்சியோடு அவன் வந்தான் என்பதுதான் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

பைபிளிலும் அப்படி ஒருவர் உண்டு. பெத்தானியா ஊர் லாசரு, நாலு நாள் கல்லறையில் கிடந்து எழுந்து வந்தார். ஆனால் அவினாசிப் பிள்ளையும் லாசருவும் வந்தது பழைய வாழ்க்கைக்கு. வயசாகி இன்னொரு முறை சாக வேண்டியவர்கள். இயேசு அப்படித் திரும்பவில்லை, சாவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார் என்பதுதான் கிறிஸ்தவர்கள் சொல்வது. இது மறுபிறவியும் இல்லை, உடம்பை உதறிவிட்டு ஆத்மா மட்டும் கரையேறுவதும் இல்லை. அதே உடம்பு, ஆணித் தழும்போடு. சீடர்கள் ஆவி என்று பயந்தபோது சுட்ட மீனை வாங்கித் தின்று காட்டினார் என்று லூக்கா எழுதுகிறார்.

தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் தோமா. அவர்தான் மயிலாப்பூர் வரை வந்து உயிர்விட்டார் என்பது மரபு. சம்பந்தர் பூம்பாவையைச் சாம்பலிலிருந்து எழுப்பியதாகச் சொல்வதும் அதே மயிலாப்பூரில்தான். இங்கிருந்து திருச்சி ரோட்டில் இராமநாதபுரம் போனால் இருக்கும் சீரோ மலபார் பேராலயத்துக்காரர்கள் தோமா வழி வந்தவர்களாகவே தங்களைச் சொல்கிறார்கள்.

"சரிங்க, அவரு எந்திரிச்சாரு. நமக்கென்னங்க?"

இதற்குப் பவுல் வைத்திருக்கும் சொல் 'முதற்பலன்'. தோட்டம் துரவு வைத்திருந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. சோளக்காட்டில் முதல் கதிர் தலைகாட்டினால் மற்ற பயிரும் கதிர் விடும் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவர் எழுந்தது மற்றவர்களும் எழுவதற்கு முன்கதிர். அதனால்தான் சபை அறிவிப்பில் 'இறந்தார்' என்பதைவிட 'நித்திரையடைந்தார்' என்ற சொல்லே அதிகம். எரித்தால் எப்படி எழுவார்கள் என்றும் கேட்டார். மண்ணில் புதைத்ததும்தான் மக்கிப் போகிறது. கத்தோலிக்கச் சபை 1963இலேயே தகனத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது.

இவ்வளவுக்கும் ஆதாரம் உண்டா? கி.பி. 55 வாக்கில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் சாட்சிகளை வரிசையாக அடுக்குகிறார். ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், பெரும்பாலானவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிற தொனி. அதோடு நிற்கவில்லை. கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கம் வீண், உங்கள் விசுவாசமும் வீண், எல்லாரையும்விட நாங்களே பரிதாபத்துக்குரியவர்கள் என்கிறார். எது பொய்யானால் தன் கடையைப் பூட்டிவிடலாம் என்று இப்படித் தானே எழுதிக் கொடுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் சிலுவையை மட்டும் வைத்துக்கொண்டு, ஞாயிறை அழகான உருவகம் என்று ஒதுக்கிவிட்டு, கிறிஸ்தவம் நல்ல போதனை என்று மெச்சுவதைப் பவுலே ஒத்துக்கொள்ள மாட்டார்.

முதல் கொரிந்தியர் 15ஆம் அதிகாரம், மொத்தம் 58 வசனம். டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.