முதியோர் துணைவாழ்வு அமைப்புகளின் முறைசார் மாதிரியாக்கமும் சரிபார்ப்பும்: திருத்தணிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தனித்து வாழும் முதியோரைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்புகள் இடர் நேரத்தில் தவறாது இயங்கும் என்பதைச் சோதனை ஓட்டங்களால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. கணித முறையிலான மாதிரிச் சரிபார்ப்பு அதற்கு எவ்வாறு துணைபுரிகிறது என்பதைத் திருத்தணிச் சூழலில் அமைத்த ஓர் எடுத்துக்காட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாதிரிச் சரிபார்ப்பு, காலத் தன்னியங்கி, உயிர்ப்புப் பண்பு, முதியோர் நலம், திருத்தணி.

முன்னுரை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 60 அகவை கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு. பிள்ளைகள் பணியின் பொருட்டு நகரங்களுக்குப் பெயர, பெற்றோர் ஊரிலேயே தங்கிவிடுவது பெருகியுள்ளது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த திருத்தணியும் இத்தகைய ஊரே. இங்குத் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் வீட்டினுள் விழுந்துவிட்டால், அச்செய்தி உரியவரை எட்டுமா என்பதே இங்கு எழும் வினா.

மாதிரிச் சரிபார்ப்பின் அடிப்படை

கணினி அமைப்புகளின் நடத்தையைக் காலநிலைத் தருக்கத்தால் உரைக்கலாம் என்பதை அமீர் நூலி 1977-இல் முன்வைத்தார். அமைப்பு அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் கணினியே ஆராயும் மாதிரிச் சரிபார்ப்பு முறையை 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் ஆகியோர் 2007-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றனர். விநாடிக் கணக்கு முக்கியமாகும் அமைப்புகளுக்கு ராஜீவ் அலூரும் டேவிட் டில்லும் காலத் தன்னியங்கிக் கோட்பாட்டை வகுத்தனர். நேரம் தொடர்ச்சியானதாதலின் நிலைகள் எண்ணிறந்தன. எனினும் அவற்றை முடிவுள்ள வகைகளாகத் தொகுக்கலாம் என்று அவர்கள் நிறுவினர். உப்சாலா, ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய உப்பால் என்னும் மென்பொருள் இக்கோட்பாட்டின் அடிப்படையில் இயங்குவது.

எடுத்துக்காட்டு மாதிரி

விளக்கத்தின் பொருட்டு ஓர் எளிய அமைப்பைக் கற்பித்துக்கொள்வோம். உணரி விழுதலை அறிந்ததும் கருவி 30 விநாடி ஒலியெழுப்பும். தவறான எச்சரிக்கையாயின் மூதாட்டி அதனை நிறுத்தலாம். நிறுத்தாவிடில் சென்னையிலுள்ள மகளை அலைபேசியில் அழைக்கும்; 45 விநாடிக்குள் எடுக்கப்படாவிடில் மீண்டும் அழைக்கும்.

‘விழாதபோது அழைப்புச் செல்லாது’ என்பது பாதுகாப்புப் பண்பு. எதையுமே செய்யாத கருவியும் இதனை நிறைவுசெய்துவிடும். ஆகவே, ‘எச்சரிக்கை நிறுத்தப்படாவிடில், விழுந்த 300 விநாடிக்குள் அருகிலுள்ள ஒருவருக்கு அறிவிப்புச் செல்லும்’ என்ற, கால வரம்புடைய உயிர்ப்புப் பண்பும் தேவை. ‘அருகிலுள்ள’ என்ற சொல் இன்றியமையாதது. மகள் அறிந்தாலும் அவர் 85 கி.மீ. கடந்து வரவேண்டும்.

சரிபார்ப்பு காட்டும் பிழைகள்

முதல் வடிவம் இப்பண்பில் தோற்கிறது. பண்பு மீறப்படும் நிகழ்வு வரிசையை மென்பொருள் எதிரெடுத்துக்காட்டாகத் தரும்: விழுதல், அழைப்பு, இணைப்பின்மை, மீண்டும் அழைப்பு என முடிவின்றிச் சுழலும். கருவி நின்றுவிடவில்லை, ஓயாது இயங்கியும் பயனில்லை. ஆடிக்கிருத்திகையன்று காவடியுடன் பெருங்கூட்டம் கூடும் ஊரில், இணைப்பு நெரிசலைப் புறக்கணித்து மாதிரி அமைத்தல் பொருந்தாது.

இரண்டாம் வடிவத்தில், இரு அழைப்புகள் பயனளிக்காவிடில் அண்டை வீட்டில் கம்பிவழி இணைத்த அபாயமணி ஒலிக்கும். 30 + 45 + 45 = 120 விநாடி; வரம்புக்குள் அடங்குகிறது. ஆனால் மின்தடையையும் மாதிரியில் சேர்த்தவுடன் வேறொரு பிழை வெளிப்படுகிறது. விழுந்த 25-ஆம் விநாடியில் மின்சாரம் நின்றால், கருவி மீண்டும் தொடங்கும்போது பழைய நிலையை மறந்துவிடும். விழுந்தவர் அசைவின்றிக் கிடப்பதால் உணரியும் மறுமுறை தூண்டப்படாது.

மூன்றாம் வடிவத்தில் விழுதற் செய்தி அழியா நினைவகத்தில் பதியும். மின்தடையின்போது கருவி மின்கலத்துக்கு மாறி, 20 விநாடியில் மீளத் தொடங்கி, நேரே அபாயமணியை ஒலிக்கும். மறுதொடக்கம் ஒருமுறையே நிகழும் எனக் கொண்டால், மிகுதியான தாமதம் 140 விநாடி, பண்பு நிறைவேறுகிறது.

வரம்புகள்

மாதிரியில் விழுதல் நிகழ்வே இடம்பெறாவிடில், மேற்கண்ட பண்பு வெறுமனே உண்மையாகிவிடும். அதனைத் தனியே சரிபார்த்தல் வேண்டும். மேலும், நிறுவப்படுவது மாதிரியின் சரித்தன்மையே. அபாயமணி ஒலிக்கும் என்பதைக் கணிதம் உறுதிசெய்யும். கேட்க அண்டை வீட்டார் இருப்பர் என்பதை உறுதிசெய்யாது. ஆடிக்கிருத்திகையன்று அவர்களும் மலைக்கோயிலின் 365 படிகளில் ஏறிக்கொண்டிருக்கக்கூடும்.

முடிவுரை

முறைசார் சரிபார்ப்பின் முதற்பயன், மறைந்துள்ள எடுகோள்களை வெளிக்கொணர்தலாகும். இணைப்பு உண்டு, மின்சாரம் உண்டு, அண்டை வீட்டில் ஆள் உண்டு என்பவை யாவும் வடிவமைப்பாளர் எழுதாது விட்ட எடுகோள்கள். அவற்றுள் முதலிரண்டைக் கருவியின் வடிவமைப்பால் தீர்க்கலாம். மூன்றாவதை ஊரின் வாழ்வியலை அறிந்தோரே தீர்க்க இயலும். எனவே இத்துறையில் கணினியியலாரும் சமூகவியல் ஆய்வாளரும் இணைந்து மாதிரி அமைத்தல் தேவையாகிறது.