கேடயத்திற் பொதி சுமந்த கரடி

சேரர் வில்லையும், சோழர் புலியையும், பாண்டியர் கயலையும் தத்தம் கொடிகளிற் பொறித்துக்கொண்டமை நாம் அறிந்ததே. மத்திய கால ஐரோப்பாவிலும் பிரபுக்கள் தம் கேடயங்களிற் குலச்சின்னம் தீட்டினர். அவ்வழக்கைக் கத்தோலிக்க மேற்றிராணிமாரும் மேற்கொண்டனர். ஆயின், போர்வீரனின் தலைக்கவசத்துக்குரிய இடத்தில் அகன்ற விளிம்புடைய தொப்பியொன்று அமர்ந்தது.

அத்தொப்பியே பதவியைப் புலப்படுத்தும். பச்சைத் தொப்பியின் இருமருங்கும் 6 குஞ்சங்கள் வீதம் தொங்கின் அவர் மேற்றிராணியார். 10 வீதம் எனின் அதிமேற்றிராணியார். சிவப்புத் தொப்பியும் 15 வீதமான குஞ்சங்களும் கர்தினாலுக்குரியவை. கேடயத்தின் பின்னே நிற்கும் சிலுவைக்கு மேற்றிராணியாராயின் குறுக்குக் கை ஒன்று, அதிமேற்றிராணியாராயின் இரண்டு.

இவையெல்லாம் பதவியைச் சொல்வன. மனிதரைச் சொல்வது கேடயத்தின் அகமே. 1977இல் ஜெர்மனியின் மியூனிக்-பிரைசிங் அதிமேற்றிராணியாராக நியமனம் பெற்ற யோசேப் இராட்சிங்கரின் கேடயம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதில் மூன்று சின்னங்கள் உள. முடிசூடிய கறுப்பு மனிதத் தலை, பிரைசிங் மேற்றிராணிமாரின் பழஞ்சின்னம். சிப்பி, யாத்திரிகரின் அடையாளம். கடல்நீரைச் சிப்பியால் மொண்டு மணற்குழியில் அடக்க முயன்ற சிறுவனைக் கண்டு, இறைவனை மனித அறிவால் அளத்தல் இயலாதென அகுஸ்தீனார் உணர்ந்த கதையையும் அது நினைவூட்டும். அகுஸ்தீனாரை ஆராய்ந்து 1953இல் கலாநிதிப் பட்டம் பெற்றவருக்கு அது மிகப் பொருந்துவதே.

மூன்றாவது, முதுகிற் பொதி சுமந்த கரடி. பிரைசிங்கின் முதல் மேற்றிராணியாராகப் போற்றப்படும் கொர்பினியன் 8ஆம் நூற்றாண்டினர். அவர் உரோமாபுரிக்குச் செல்லும் வழியிற் கரடியொன்று அவருடைய பொதிக்குதிரையைக் கொன்றதாம். அவர் அதனைக் கடிந்து, குதிரையின் சுமையை அதன் முதுகிலேயே ஏற்றினார். உரோமாபுரி சேர்ந்ததும் அதனை விடுவித்தார் என்பது ஐதிகம்.

இராட்சிங்கர் இக்கரடியில் தம்மையே கண்டார். கல்விமானாக வாழ விரும்பியவர்மீது நிருவாகச் சுமை ஏறியது. 1981இல் அவரும் உரோமாபுரிப் பணிக்கு அழைக்கப்பட்டார். கரடி அங்கே விடுதலை பெற்றது. தமக்கு விடுதலை எப்போது வருமென அறியாதவராய்த் தம் நினைவுக் குறிப்புகளை அவர் முடித்தார். 2005இல் 16ஆம் ஆசீர்வாதப்பர் என்னும் பெயருடன் பாப்பரசரானபோது, இலச்சினையில் நெடுங்காலம் விளங்கிய மும்முடியை விலக்கி, மேற்றிராணியாருக்குரிய முடியை வைத்தார், கரடியையோ விலக்கவில்லை. 2013 பெப்ரவரி 28இல் தாமாகவே பதவி துறந்து, 2022இல் மறைந்தார்.

வேந்தர் கொடியிற் பறந்த விலங்கு பகைவரை அச்சுறுத்தியது. இக்கேடயத்தின் விலங்கோ, தன்னைப் பொறித்துக்கொண்டவருக்கே அவர்தம் கடனை நினைவூட்டி நின்றது.