பொருளறிந்து வாங்குவோம் – 14: உஷ்ணமே உரைகல்

பினாங்குத் தீவின் தென்கிழக்கில், ஒரு காலத்தில் நெல் விளைந்த பாயான் லெப்பாஸ் வயல்களின் மீது, 1972-ஆம் ஆண்டில் தடையற்ற வர்த்தக வலயம் எழுந்தபோது, அங்கே முதலில் வந்து குடியேறிய அந்நிய நிறுவனங்களுள் ஒன்றான இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தான் அமைத்த முதல் தொழிற்சாலையை நமது தீவில்தான் அமைத்தது என்னும் செய்தியை இன்றைய இளைஞரில் பலர் அறியார். 1786 முதல் ஜோர்ஜ்டவுனுக்கு வாழ்வளித்து வந்த சுங்கமில்லாத் துறைமுக உரிமை 1969-இல் பறிபோய், வேலையில்லாத் திண்டாட்டம் நகரை வாட்டிய அந்நாளில், முதலமைச்சர் லிம் சொங் இயூ அவர்களின் விடாமுயற்சியால் வந்து சேர்ந்த இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரானிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்களையும் 'எட்டு சாமுராய்கள்' என்று அழைப்பது இங்கே வழக்கமாயிற்று. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் பட்டணத்துச் சந்துகளிலிருந்தும் வந்த நம் பெண்மக்கள், மலாய்ச் சகோதரிகளோடும் சீனச் சகோதரிகளோடும் வரிசையாக அமர்ந்து, நுண்ணோக்கியின் வழியே கண்ணைச் செலுத்தி, மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் பொருத்திய உழைப்பின் மேல்தான் இந்த மாநிலத்தின் இன்றைய செல்வம் நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. பழைய இன்டெல் சில்லுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், அவற்றின் மேற்பரப்பில் 'மலாய்' என்று பொறிக்கப்பட்டிருந்ததைக் கண்டிருப்பார்கள்.

அந்தத் தொழிற்சாலைகளில் அன்று நடந்ததும் இன்று நடப்பதுமாகிய வேலையின் ஜீவநாடி பரீட்சை. ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட சில்லுகளாயினும் அவை யாவும் ஒரே குணம் உடையவை அல்ல. ஒன்று குறைந்த மின்சக்தியில் மிகுந்த வேகம் காட்டும், மற்றொன்று அதே வேகத்துக்கு அதிக சக்தியை உண்டு அதிகமாகச் சூடேறும். ஆகவே ஒவ்வொன்றையும் சோதித்து, தரம் பிரித்து, அந்தத் தரத்துக்கேற்ற பெயரும் விலையும் கொடுக்கிறார்கள். இதற்கும் மேலாக, சில்லை வழக்கத்துக்கு மீறிய உஷ்ணத்திலும் மின்னழுத்தத்திலும் இட்டு ஓடவைத்து, அற்பாயுளில் மடியக்கூடியவற்றை முன்கூட்டியே கண்டு கழிக்கும் முறையும் உண்டு. 'பர்ன்-இன்' என்ற அதன் பெயர், அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் இருக்கும் வீடுகளில் சிறுவர்க்கும் தெரிந்ததே. நிதானமாக இருக்கும்போது எந்தச் சில்லும் நல்ல சில்லாகவே தோன்றும் என்பதும், அதன் உண்மையான யோக்கியதை சூட்டில்தான் வெளிப்படும் என்பதும் அரை நூற்றாண்டாக இந்தத் தீவு தொழிலாகக் கொண்ட ஞானம். விளையாட்டுக்கான மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போகிறவரும் அதே ஞானத்தோடு போகவேண்டும் என்பதே இவ்வாரம் நான் வற்புறுத்த விரும்புவது.

பிள்ளை பல்கலைக்கழகம் போகிறான், 'கேமிங் லேப்டாப்' வேண்டும் என்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா, வாங்குவதாயின் எதை வாங்குவது என்று கேட்டு எழுதும் தாய் தந்தையர் சிலர் அல்லர். அவர்களுடைய கவலை நியாயமானது. இவ்வகைக் கணினிகளில் முதற்படியில் இருப்பவையே நாலாயிரம் வெள்ளியை ஒட்டி விற்கின்றன. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று இருக்கையில், ஒரு தொழிலாளியின் இரண்டு மாத உழைப்பையும் விழுங்கிவிட்டு மேலும் கேட்கிற பொருள் இது. ஆனால் விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் சுளிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. 2013-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த 'டோட்டா 2' உலகப் போட்டியில், 'முஷி' என்று அறியப்பட்ட சாய் யீ ஃபுங் முதலியோர் ஆடிய மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாம் இடம் பெற்றது. 2019-இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கினார்கள். அது நிற்க, பொறியியல் வரைபடம், அசைவுப்படம், காணொளித் தொகுப்பு ஆகியவற்றைக் கற்கும் மாணவனுக்குத் தேவையான சக்தியும் விளையாட்டுக்குத் தேவையான சக்தியும் ஏறக்குறைய ஒன்றே. எனவே வாங்கலாமா என்ற கேள்வியைக் குடும்பத்தின் பண நிலையைக் கொண்டு தீர்மானிக்க வேண்டுமேயன்றி, விளையாட்டின் மீதுள்ள வெறுப்பைக் கொண்டு தீர்மானிப்பது முறையன்று.

இனி, எதை வாங்குவது என்ற விஷயத்துக்கு வருவோம். கடைக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது மூடியின் உட்புறத்தில் ஒட்டிய வண்ணச் சீட்டுகளும் அவற்றிலுள்ள எண்களுமே. ஆர்.டி.எக்ஸ். 4050, 4060, 5060, 5070 என்று எண் ஏற ஏறச் சக்தியும் ஏறும் என்று நம்பிக் கூடுதலாக ஐந்நூறோ ஆயிரமோ வெள்ளி கொடுப்பவர்கள் அறியவேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. இந்த எண் கிராபிக்ஸ் சில்லின் குலத்தைச் சொல்லுகிறதே தவிர, அந்தச் சில்லுக்கு இந்தக் கணினியில் எவ்வளவு மின்சக்தி கொடுக்கப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை. மடிக்கணினிக்கான 4060 சில்லை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ளும் சுதந்திரத்தை என்விடியா நிறுவனம் கணினி தயாரிப்போருக்கு அளித்திருக்கிறது. மெல்லியதாகவும் அழகாகவும் செய்யப்பட்ட ஒரு கணினியில் அது குறைந்த வாட்டில் அடங்கிக் கிடக்க, தடித்த உடலும் பெரிய விசிறிகளும் கொண்ட வேறொன்றில் முழு வாட்டில் ஓடும்; இரண்டின் மீதும் ஒட்டியிருக்கும் சீட்டு ஒன்றே. கீழ்ப்படிச் சில்லு நிறைந்த வாட்டில் ஓடி, பட்டினி போடப்பட்ட மேற்படிச் சில்லை முந்திச் செல்வதும் உண்டு.

முன்பு 'மேக்ஸ்-கியூ' என்ற அடைமொழியாவது இந்த வேற்றுமையை ஓரளவு காட்டிக்கொண்டிருந்தது. அது மங்கிப்போன பிறகு பயனீட்டாளர்களும் பத்திரிகையாளர்களும் குறை கூறவே, 2021-இல் ஒவ்வொரு மாதிரிக்கும் வாட் அளவை வெளியிடும்படி தயாரிப்பாளர்களை என்விடியா கேட்டுக்கொண்டது. ஆகவே தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலுள்ள விவரக் குறிப்பில் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். கடையிலிருக்கும் கணினியிலேயே என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, அமைப்பு விவரப் பகுதியிலும் பார்த்துக்கொள்ளலாம். மேசைக் கணினியின் சில்லும் மடிக்கணினியின் சில்லும் ஒரே பெயரைச் சூடிக்கொண்டிருப்பதாலும் ஏமாற வேண்டாம். மேசைக் கணினிக்கான 4090 கார்டு 450 வாட் வரை உண்ணும், 24 ஜிகாபைட் நினைவகம் உடையது. அதே பெயருள்ள மடிக்கணினிச் சில்லுக்கு என்விடியா குறித்துள்ள அளவு 150 வாட் வரைதான், நினைவகமும் 16 ஜிகாபைட்தான். வீட்டிலேயே தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, கணினியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய அவசியம் இல்லையெனில், அதே பணத்துக்கு மேசைக் கணினியே கூடுதல் சக்தியும் நீண்ட ஆயுளும் தரும். பழுதான உறுப்பைத் தனியே மாற்றிக்கொள்ளவும் இயலும். இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்வது அபூர்வமாதலால் நான் சொல்லிவைக்கிறேன்.

மின்சக்தி எங்கே செல்கிறதோ அங்கே உஷ்ணம் பிறக்கும். உண்ட வாட் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேற முடியாவிட்டால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் சில்லுகள் பலவற்றில் 100 டிகிரி செல்சியஸ் அந்த எல்லை. மேல்நாட்டு விமர்சகர்கள் தங்கள் குளிர்ந்த அறையில், இருபதை அடுத்த டிகிரிகளில் சோதித்து வெளியிடும் அளவுகளை வாசித்துவிட்டு நாம் இங்கே வாங்குகிறோம். நமது தீவிலோ ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் முப்பதைத் தாண்டி நிற்கிறது, மாணவர் விடுதிகள் பலவற்றில் மின்விசிறி ஒன்றே துணை. அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் கணினிக்குள்ளிருக்கும் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு கூடும் என்பது எளிய பௌதிகம். அங்கே எண்பத்தைந்தில் நிம்மதியாக ஓடிய யந்திரம், மிண்டன் மாணவர் விடுதியறையில் எல்லையை நெருங்கித் திணறும். ஆதலால் பினாங்கில் வாங்குகிறவர் மெல்லிய உடலுக்கு ஆசைப்படாமல், பின்புறத்திலும் பக்கங்களிலும் அகன்ற காற்றுத் துவாரங்களும், அடியில் காற்று புக இடமும் உள்ள தடித்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். கடற்காற்றின் ஈரமும் தூசியும் விசிறிகளில் படிவதால், அடிமூடியைச் சாதாரணத் திருப்புளியால் திறந்து சுத்தம் செய்ய முடியுமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

சரி, இதை எப்படிப் பரீட்சிப்பது? கொம்தாரிலாகட்டும், குவீன்ஸ்பே மாலிலாகட்டும், காட்சிக்கு வைத்திருக்கும் கணினி மூடியைத் திறந்தபடி சும்மா ஒளிர்ந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் எல்லாமே அழகு. கடைக்காரரிடம், "பாஸ், இதை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கணும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கனமான விளையாட்டு ஒன்றையோ சோதனை நிரல் ஒன்றையோ ஓடவிட்டு, முதல் ஐந்து நிமிஷத்தில் திரையில் காணும் வேகத்தையும் அரைமணி கழித்துக் காணும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விழுந்துவிட்ட வேகமே நீங்கள் தினமும் பெறப்போகும் வேகம். விசைப்பலகையின் நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். விசிறியின் ஓசை இரவில் அடுத்த கட்டிலில் தூங்குபவனை எழுப்புமா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கடையின் குளிர்ச்சியிலேயே திணறும் யந்திரம் வீட்டில் தேறாது. இந்தச் சோதனைக்கு இணங்கும் கடையில், பத்திருபது வெள்ளி கூடுதலானாலும் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். இணையச் சந்தைகளில் 11.11, 12.12 என்ற விற்பனை நாள்களில் விலை குறைவது மெய்தான்; ஆனால் கடையில் ஒரு முறை அதே மாதிரியைச் சூடேற்றிப் பார்த்துவிட்டு அங்கே வாங்குவதே உத்தமம்.

மற்ற உறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நினைவகம் 16 ஜிகாபைட்டுக்குக் குறையலாகாது. அதுவும் ஒரே பட்டையாக இல்லாமல் எட்டெட்டாக இரண்டு பட்டைகளாக இருந்தால் வேகம் கூடும். சேமிப்பகம் 512 ஜிகாபைட் என்றால், நூறு ஜிகாபைட்டைத் தாண்டும் விளையாட்டுகள் உள்ள இக்காலத்தில் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால், இரண்டாவது சேமிப்பகத்துக்கு உள்ளே காலியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். திரையில் மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக விளம்பரம் செய்துவிட்டு, நிறம் வெளிறிய மட்டமான பலகையைப் பொருத்தி விலையைக் குறைப்பது இத்தொழிலில் சாதாரணம். விவரக் குறிப்பில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று கண்டால் அது வெளிறிய திரை. '100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்று கண்டால் நல்ல திரை. வடிவமைப்போ படத்தொகுப்போ பயிலும் மாணவனுக்கு இந்த ஒரு வரி, சில்லின் எண்ணைவிட முக்கியம். மின்கலத்தில் இவ்வகைக் கணினி முழு வேகத்தில் ஓடாது, ஓடினாலும் நெடுநேரம் தாங்காது. கனத்த மின்னேற்றியையும் சேர்த்து மூன்று கிலோவை எட்டும் சுமையைப் பேருந்திலும் படகிலும் சுமக்கப்போகிறவன் உங்கள் பிள்ளை என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

'வாலரண்ட்', 'டோட்டா 2' போன்றவற்றையே ஆடுகிறவனுக்கு முதற்படிச் சில்லே தாராளம். புதிதாக வரும் பெரிய கதை விளையாட்டுகளை உயர்ந்த காட்சித் தரத்தில் ஆட ஆசைப்படுகிறவனுக்கு கிராபிக்ஸ் நினைவகம் 8 ஜிகாபைட்டாவது வேண்டும். பிள்ளையை அழைத்து உட்காரவைத்து, எதை ஆடுகிறாய், எதைப் படிக்கப்போகிறாய் என்று பொறுமையாகக் கேட்கும் தாய்க்கு, ஆயிரம் வெள்ளி மிச்சமாவது நிச்சயம்.

பணம் கொடுக்கும் வேளையில் 'ஏ.பி. செட்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் நிதானியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக வராமல் வேறு வழியில் இறக்குமதியான சரக்கு அது; விலை மலிவாயிருக்கும், ஆனால் தயாரிப்பாளரின் உள்ளூர் சேவை மையம் அதை ஏற்காமல் போகலாம், அப்போது கடைக்காரர் கொடுத்த வாக்கு ஒன்றே உத்தரவாதம். உஷ்ணத்தில் உழலும் இப்படிப்பட்ட யந்திரத்துக்கு இரண்டு ஆண்டு உள்ளூர் உத்தரவாதம் அத்தியாவசியம் என்று கருதுகிறேன். ரசீதில் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் வாங்குபவர் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வருமான வரி கட்டுவோர், தமக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ தொழில் சாராத உபயோகத்துக்கு வாங்கிய கணினியை, புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் முதலியவற்றோடு சேர்த்து ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரையுள்ள வாழ்க்கைமுறைச் செலவு வரிவிலக்கில் காட்டலாம். அந்த ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் யந்திரம் குறைபாடுடையதாக வந்து சேர்ந்து, விற்றவர் கைவிரித்தால், மனம் உடைந்து ஒதுங்கிவிடாதீர்கள். தமிழரான எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள், 2019-இல் மறையும் வரை பல பத்தாண்டுகள் தலைமை தாங்கி வளர்த்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஏழை எளியவர் தமிழிலேயே தம் குறையைச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஸ்தாபனம் அது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் நாமே தாக்கல் செய்யலாம். கடையில் சோதித்தபோது கண்ட வேகத்தையும் வெப்பத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, விளம்பரத் தாளோடும் ரசீதோடும் சேர்த்து வைத்திருப்பவருக்கு அங்கே வாதாடுவது கடினமாயிராது.