நெல்லின் வேர் நடத்தும் சண்டை

ஜெராமிலிருந்து வடக்கே கோலசிலாங்கூரைத் தாண்டிப் போனால், நாம் பார்த்துப் பழகிய செம்பனை விலகி, தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல்வயல்கள் தென்படும். மேலே எல்லாம் அமைதிதான். சேற்றுக்குள்ளே ஒரு சண்டை நடக்கிறது.

நெல்லின் பழைய பகையாளி குதிரைவாலிப் புல். மலாய்க்காரர்கள் 'சம்பாவ்' என்பார்கள். இளம் பருவத்தில் அசல் நெல்லைப் போலவே இருக்கும். ஓர் அடையாளம் உண்டு. இலை தண்டோடு சேருமிடத்தில் நெல்லுக்கு மெல்லிய தோல் நாக்குப்போல் நீண்டிருக்கும். இந்தப் புல்லுக்கு அது கிடையாது.

நாம் கண்ணால் தேடுவதை நெல்லின் வேர் மண்ணுக்குள்ளேயே அறிந்துகொள்கிறது. புல்லின் வேரிலிருந்து லோலியோலைடு என்ற பொருள் கசிகிறது. அது பட்டதும், பெரட்டுக்கு மணியடித்து ஆள்களைக் கூட்டியதுபோல, நெல் தன் தற்காப்பு வேலையைத் தொடங்குகிறது. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோனும் இத்தகைய வேலையைத் தூண்டுவதுதான். இதன் நெருங்கிய உறவான பொருளை 1962-இல் ஜாதிமல்லி எண்ணெயில் கண்டதால் மல்லிகையின் பெயர் இதற்கு வந்தது! பிறகு நெல்லின் வேர் மோமிலாக்டோன் என்ற பொருளைக் கூடுதலாகக் கசியவிடும். புல்லின் வேரும் தளிரும் குன்றிப்போகும். ஜப்பானியர் இதனை 1973-இல் நெல் உமியில் கண்டார்கள். 'மோமி' என்றால் அவர்கள் மொழியில் உமி.

அப்படியானால் களை எடுப்பது ஏன் என்று பிள்ளைகள் நம்மைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா நெல்வகைக்கும் இந்த வலிமை ஒன்றுபோல் இல்லை. முளைத்த சில வாரங்களில் பயிர் தோற்றுவிட்டால் பிறகு மீள்வதும் கடினம். நாற்று நட்ட காலத்தில் பயிர் களையைவிட வயதில் மூத்ததாக இருந்தது. தேங்கிய நீரும் களையை அமுக்கியது. 1980-களில் கூலியாள் கிடைக்காமல் நேரடி விதைப்பு பரவியபோது, நெல்லும் புல்லும் ஒன்றாக முளைத்தன. மருந்தடிப்பும் கூடியது.

மருந்து டின்னைத் தோளில் சுமந்த நம் தாய்மாருக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பாராகுவாட் இந்நாட்டில் 2020-இல்தான் தடைசெய்யப்பட்டது. வேர்வலிமை மிக்க நெல்லை ஆய்வாளர்கள் தேடுவது, மருந்தைக் குறைக்கத்தான்.

ஆனால் ஒரு களையிடம் இந்தத் தேடலும் தடுமாறுகிறது. 'பாடி ஆங்ஙின்' என்னும் காட்டுநெல் 1988-இல் நம் சிலாங்கூர் வயல்களில் தெரியவந்தது. கதிர் முற்றுமுன்பே மணியை உதிர்த்துவிடும். அடுத்த போகத்தில் அதுவே முளைக்கும். அதுவும் நெல்லினம்தான். கதிர் வரும்வரை உழவன் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது.