‘கட்-ஆஃப் எவ்வளவு?’: ஒரு கேள்வி உடலில் தங்கும் விதம்

கல்லூரி விடுதியின் முதல் வாரத்தில் எழும் இரண்டு கேள்விகளை நம் வீட்டுப் பிள்ளைகள் நன்கறிவர். ‘கட்-ஆஃப் எவ்வளவு?’ என்பது ஒன்று. ‘ஊரில் எந்தத் தெரு?’ என்பது மற்றொன்று. சாதியின் பெயரை உச்சரிக்காமலேயே சாதியைக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டு முடிப்பதற்குள் வாய் உலர்ந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஏதோ ஒரு பதிலைக் கூறிய பின்னும் அன்றிரவு உறக்கம் வருவதில்லை. இதைக் கோழைத்தனம் என்றோ தாழ்வு மனப்பான்மை என்றோ பெயரிட்டுக் கடந்துவிடுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை.

ஆபத்தை உணர்ந்ததும் மூளை எச்சரிக்கை விடுக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, செரிமானம் மந்தமாகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் ஏற்பாடு அது. பாம்பைக் கண்டவருக்கு அது உதவும்; பாம்பு போனதும் அடங்கும். பதற்றமோ வரக்கூடியதை எண்ணி எழுவது. இழிவு எப்போது, யாரிடமிருந்து வரும் என்று தெரியாத இடத்தில் அந்த எச்சரிக்கை ஓய்வதேயில்லை. வாரக்கணக்கில் அது நீடித்தால் தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, பாடத்தில் மனம் நில்லாமை எனத் தொடர்கிறது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களிடம் புதிர்ப்பாதைகளைத் தந்து வழி கண்டறியச் செய்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஆதிக்க சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே விடுவித்தனர். பெயரோடு சாதியும் அனைவர் முன்னிலையில் வாசிக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் விடுவித்த புதிர்கள் கணிசமாகக் குறைந்தன. அறிவு அதேதான், மாறியது அறிவிப்பு மட்டுமே. ‘தகுதி’ பேசுவோர் இந்த ஆய்வைக் குறித்து வாய் திறப்பதில்லை என்பதில் வியப்பில்லை.

மறைத்து வாழ்வதன் பாரம் இன்னும் கொடிது. கொலம்பியாவில் பயின்று திரும்பிய அம்பேத்கர், பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல், பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதி ஒரு பார்சி விடுதியில் தங்க நேர்ந்தது. 11ஆம் நாள், தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. ஊர்ப்பெயரையும் உதவித்தொகைப் படிவத்தையும் அறைத்தோழர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கும் இன்றைய மாணவர் சுமப்பதும் அதே பாரந்தான்.

மூச்சை இழுப்பதைவிட நீளமாக, மெல்ல வெளிவிட்டால் சில நிமிடங்களில் படபடப்பு தணியக்கூடும். அது முதலுதவி மட்டுமே. பதற்றத்துக்கு உரமிடுவது தவிர்த்தல். வகுப்பில் ஐயம் கேட்காமல் இருந்துவிட்டால் அப்போதைக்கு நிம்மதி. மறுநாள் கேட்பது மேலும் கடினமாகிறது. ஆகவே சிறுகச் சிறுகத் திரும்பிச் செல்ல வேண்டும்: முதலில் நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் தனியே ஒரு கேள்வி, பின்னர் சிறு குழுவில், அதன்பின் வகுப்பில்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. இழிவுபடுத்துவோர் இருக்கும் அறைக்குப் ‘பழகிக்கொள்’ என்பது சிகிச்சை அன்று. மனத்துள் பெருகிய அச்சத்துக்குப் பயிற்சி தேவை. நடந்த துன்புறுத்தலுக்கோ நாள், நேரம், சாட்சி ஆகியவற்றைக் குறித்து வைத்தலும் எழுத்துவழிப் புகாரும் தேவை. பெரும்பாலும் இரண்டும் ஒருவரிடமே பின்னிக் கிடக்கும். பிரித்தறிய, அதே வழியில் வந்த மூத்த மாணவர் ஒருவரோ மனநல ஆலோசகரோ துணை நிற்கலாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவில், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைச் சாதி உள்ளிட்ட எவ்விதப் பாகுபாடுமின்றிப் பெறுவதை உரிமையாக்கியுள்ளது. டெலி-மானஸ் என்னும் அரசின் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ‘சாதியை விடுங்கள், படிப்பைப் பாருங்கள்’ என்று ஆலோசகர் ஒருவர் கூறினால், வேறோர் ஆலோசகரைக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.