'நன்றி: இணையம்' என்று போட்டால் போதுமா? படம் திருடு போனால் புகைப்படக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அப்போது நான் இருந்தது வேறொரு செய்தித் தளத்தில். யானைக்குட்டி ஒன்று தாயிடமிருந்து பிரிந்த செய்திக்கு அவசரமாக ஒரு படம் தேவைப்பட்டது. கூகுளில் தேடினேன், அழகான ஒரு படம் கிடைத்தது. கீழே 'நன்றி: இணையம்' என்று தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை அலுவலக எண்ணுக்கு ஒரு போன்.

"தம்பி, அந்த யானைக்குட்டி படம் எங்க எடுத்தீங்க?"

"நெட்ல சார்."

"நெட்டுல எந்தக் காட்டுல தம்பி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. அந்தப் படத்துக்காக மூன்று நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். "உடனே கிரெடிட் போட்டுடறேன் சார்" என்றேன். "கிரெடிட்டை வெச்சு லென்ஸுக்கு இ.எம்.ஐ. கட்ட முடியாதே தம்பி" என்றார். அன்று மாலை ஒரு பில் அனுப்பினார். தொகை பெரிதில்லை, 2,500 ரூபாய்.

அவர் செய்தது சரியா? அப்படிக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறதா? இந்த இடத்தில் அவர் வேறு என்னவெல்லாம் செய்திருக்கலாம்?

க்ளிக் செய்தவருக்கே சொந்தமா?

பெரும்பாலும் ஆமாம். இந்தியாவின் காப்புரிமைச் சட்டம், 1957, புகைப்படத்தை ஒரு கலைப்படைப்பாகவே பார்க்கிறது. படத்தை எடுத்தவர்தான் அதன் 'ஆசிரியர்'. படம் எடுக்கப்பட்ட நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. எங்கேயும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, படத்தின் மீது '©' குறி போட வேண்டியதும் இல்லை. விருப்பப்பட்டால் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நாளை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் அது ஒரு நல்ல ஆதாரம், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் புகைப்படத்துக்கான உரிமை, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் மட்டுமே. 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன் பிறகு 60 ஆண்டுகளும் என்று மாறியது. அதாவது எழுத்தாளருக்கு என்ன காலமோ, அதே காலம்தான் புகைப்படக்காரருக்கும்.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சட்டத்தின் 17-வது பிரிவில் நிறைய பேர் கவனிக்காத ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட படம் என்றால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். கல்யாண போட்டோவை நினைத்துப் பாருங்கள். மணமேடையில் நாள் முழுக்க நின்று எடுத்தது போட்டோகிராபராக இருந்தாலும், எழுத்துபூர்வமாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்றால் உரிமை கல்யாண வீட்டாரிடம் போய்விடுகிறது. அந்தப் படத்தை ஒரு ஜவுளிக்கடை சத்தமில்லாமல் எடுத்து விளம்பரத்தில் போட்டால், காப்புரிமை வழக்குப் போட வேண்டியவர்கள் மணமக்கள் அல்லது அவர்கள் வீட்டார். போட்டோகிராபர் தன் இன்ஸ்டாகிராமில் அந்தப் படத்தைப் போடுவதற்கே அவர்களின் சம்மதம் தேவைப்படும்.

அப்போதும் 57-வது பிரிவின்படி 'இது நான் எடுத்த படம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரிடமே இருக்கும். உரிமையை விற்றுவிட்டாலும் இது மட்டும் போகாது. ஆனால் பணம் கேட்க இது ஒன்றே போதாது. முன்பணம் வாங்கும்போது 'படங்களின் காப்புரிமை ஸ்டூடியோவுக்கு, தனிப்பட்ட பயன்பாடு வாடிக்கையாளருக்கு' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. இன்னமும் வாட்ஸ்அப்பில் "ஓகேண்ணா, தேதி ஃபிக்ஸ்" என்பதோடு ஒப்பந்தம் முடிந்துவிடும் தொழில் இது.

'ட்விட்டர்ல தானே போட்டீங்க?'

உலகம் முழுக்கப் புகைப்படக்காரர்கள் கேட்டுச் சலித்த கேள்வி இது. பொதுவெளியில் போட்டால் பொதுச்சொத்தா? இதற்குத் தெளிவான பதில் கிடைக்க ஹைதியைச் சேர்ந்த டேனியல் மோரெல் கிட்டத்தட்ட நான்கு வருடம் போராட வேண்டியிருந்தது.

2010 ஜனவரி 12-ம் தேதி ஹைதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, அனுபவமுள்ள செய்திப் புகைப்படக்காரரான மோரெல் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்தார். இடிபாடுகளுக்கு நடுவே படங்களை எடுத்து, அன்று ட்விட்டரில் படம் பகிரப் பயன்பட்ட 'ட்விட்பிக்' தளத்தில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாடான டொமினிகன் குடியரசைச் சேர்ந்த ஒருவர் அந்தப் படங்களைத் தன்னுடையது போலப் பதிவிட்டார். அதைப் பார்த்த ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம், பதிவிட்ட அந்த நபரின் பெயரிலேயே படங்களை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கெட்டி இமேஜஸுக்குப் போய், உலகின் பெரிய ஊடகங்களில் எல்லாம் அவை வெளியாகின. எடுத்தவர் பெயர் எங்குமே இல்லை.

தவறு தெரிந்ததும் ஏ.எஃப்.பி. பெயரைத் திருத்த அறிவிப்பு அனுப்பியது. ஆனால் எல்லா இடத்திலும் அது முழுதாகச் செயல்படுத்தப்படவில்லை. மோரெல் தரப்பு எதிர்ப்புக் கடிதங்கள் அனுப்பத் தொடங்கியது. இதில் எனக்கு இன்னும் ஆச்சரியமான இடம், முதலில் வழக்குப் போட்டது ஏ.எஃப்.பி. என்பதுதான்! தாங்கள் உரிமையை மீறவில்லை என்று அறிவிக்கச் சொல்லி அவர்கள் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மோரெல் எதிர்வழக்குப் போட்டார்.

ட்விட்டர் விதிமுறைப்படி அங்கே போடும் படத்தை எவரும் பயன்படுத்தலாம் என்பது ஏ.எஃப்.பி.யின் வாதம். 2013 ஜனவரியில் நீதிபதி அதை ஏற்க மறுத்தார். பயனர் தரும் அனுமதி அந்தத் தளத்துக்கானது. மூன்றாவது நிறுவனம் எடுத்து விற்பதற்கானது அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு நவம்பரில் ஜூரிகள், உரிமை மீறல் தெரிந்தே நடந்தது என்று சொல்லி, ஏ.எஃப்.பி.யும் கெட்டியும் 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்றார்கள். வழக்கில் இருந்தது மொத்தம் 8 படங்கள்.

ஐரோப்பாவில் இதே கேள்வி ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பியது. ஜெர்மனியில் ஒரு மாணவி, பயணத் தளம் ஒன்றிலிருந்து ஸ்பெயினின் கோர்டோபா நகரப் படத்தை இறக்கித் தன் பள்ளிப் பாடத்துக்கான கட்டுரையில் சேர்த்தார். பள்ளி அதைத் தன் இணையதளத்தில் போட்டது. படம் எடுத்த டிர்க் ரென்க்ஹாஃப், அந்தப் பயணத் தளத்துக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தேன் என்று 400 யூரோ இழப்பீடு கேட்டார். 400 யூரோ வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு தளத்தில் உரிமையாளர் சம்மதத்துடன் இருக்கும் படத்தை இன்னொரு தளத்தில் மறுபடி ஏற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பள்ளி மாணவி மேல் கேஸா என்று சிலர் பொங்கினார்கள். உண்மையில் வழக்கு மாணவி மேல் இல்லை, பள்ளியை நடத்தும் அரசின் மேல்.

சரி, நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை, ஆதாரத்தைப் பிடித்து வைப்பது. கோபத்தில் கமென்டில் போய்த் திட்டினால் எதிராளி படத்தை நீக்கிவிட்டு 'எந்தப் படம்?' என்று கேட்பார். அதனால் தேதி, இணைய முகவரியோடு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமிக்கிறார்கள். தங்கள் படம் எங்கெல்லாம் சுற்றுகிறது என்று பார்க்க கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவை உதவுகின்றன. 'நான்தான் எடுத்தேன்' என்பதற்கு வலுவான சாட்சி கேமராவின் ரா ஃபைலும், முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்களும். திருடியவரிடம் அந்த ஒரே ஒரு ஜேபெக் மட்டும்தான் இருக்கும்.

அடுத்து பேச்சுவார்த்தை. பெரும்பாலானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. தெரியாமல் போட்டவர்கள் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிடுகிறார்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தியவர் என்றால், 'எடுத்துவிடுங்கள்' என்று சொல்வதற்கு முன் பில் அனுப்புவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. படம் நீங்கிவிட்டால் பேரத்துக்கான பிடியும் தளர்ந்துவிடும். நமது யானைப் படக்காரர் செய்ததும் இதைத்தான்.

பதிலே வராவிட்டால் தளங்களின் புகார்ப் படிவம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப் எல்லாவற்றிலும் காப்புரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் உண்டு. 1998-ல் அமெரிக்கா கொண்டுவந்த டி.எம்.சி.ஏ. சட்டத்தின் விளைவு இது. அசல் படத்தின் விவரம், திருட்டுப் பதிவின் முகவரி, 'நான் சொல்வது உண்மை' என்ற உறுதிமொழி, இவ்வளவுதான் தேவை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகலாம். இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது, பெண் புகைப்படக்காரர்களுக்கு இது ரொம்பவே முக்கியம்.

இந்தியச் சட்டத்திலும் நீக்கல் வழி இருக்கிறது. 2013 காப்புரிமை விதிகளின் 75-வது விதிப்படி, முறையான எழுத்துப் புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் தளம் படத்தைத் திரும்பக் காட்டலாம். ஒரு படத்துக்காக 21 நாளில் கோர்ட் உத்தரவா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அதனால்தான் பலரும் தளங்களின் சொந்தப் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

வக்கீல் நோட்டீஸ், வழக்கு எல்லாம் அதற்குப் பிறகு. இதில் புகைப்படக்காரருக்குச் சாதகமான ஒரு விஷயம், 62-வது பிரிவின்படி தான் வசிக்கும் ஊரின் நீதிமன்ற எல்லையிலேயே வழக்குப் போடலாம். டெல்லி நிறுவனம் திருடினாலும் திருநெல்வேலியிலிருந்து போராடலாம். குற்ற வழக்கும் உண்டு. தெரிந்தே மீறினால் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம்தான் இது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 'நிட் ப்ரோ' வழக்கில் தெளிவாக்கியது.

வாட்டர்மார்க் காப்பாற்றுமா?

ஓரத்தில் சின்னதாகப் போட்டால் கிராப் செய்துவிடுகிறார்கள். நடுவில் பெரிதாகப் போட்டால் படமே கெட்டுவிடுகிறது. இப்போது ஏ.ஐ. செயலிகள் நொடியில் அழித்தும் விடுகின்றன. ஆனாலும் பயன் இல்லாமல் இல்லை. உரிமையாளர் விவரத்தைத் தெரிந்தே நீக்குவது 65பி பிரிவின்படி தனிக் குற்றம், 2 ஆண்டு வரை சிறை. வாட்டர்மார்க்கை அழித்தவர் பிறகு 'தெரியாமல் போட்டுட்டேன்' என்று சொல்வது கஷ்டம்.

சண்டை போடாமல் வேறு வழியில் போனவர்கள்

நியூயார்க்கில் இருக்கும் நோம் கலாய் 2006-ல் தான் அலறுவது போலத் தன்னைத்தானே எடுத்த படங்களை ஃப்ளிக்கரில் போட்டார். கேட்காமலேயே அந்த முகம் டி-ஷர்ட், புத்தக அட்டை, ஈரானின் போராட்டச் சுவரோவியம் வரை போய்விட்டது. அவர் எல்லோர் மீதும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. 'திருடப்பட்ட அலறல்' என்று பெயர் வைத்து, எங்கெங்கே பயன்படுத்தினார்கள் என்பதைத் தொகுத்து, தானே அந்தப் படத்தை விற்கவும் ஆரம்பித்தார்.

ஓவியர் ரிச்சர்ட் பிரின்ஸ், பிறருடைய இன்ஸ்டாகிராம் பதிவுகளைப் பெரிதாக அச்சிட்டு 90,000 டாலர் வரை விற்றபோது, படம் எடுக்கப்பட்ட 'சூசைட் கேர்ள்ஸ்' குழுவினர் 2015-ல் செய்தது இன்னும் குசும்பு. அவர் அச்சிட்ட அதே படத்தை, அதே அளவில், 90 டாலருக்கு விற்றார்கள். லாபம் நன்கொடையாகப் போனது.

இந்தப் பக்கம் இன்னொரு முகமும் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் படத்தைப் போட்டுவிட்டு, யாராவது கிரெடிட்டைக் கொஞ்சம் தப்பாகப் போட்டால் உடனே பெரிய தொகை கேட்டு மிரட்டுவதையே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்த உரிமத்தின் 4.0 பதிப்பு, தவறு தெரிந்த 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் தானாகத் திரும்பும் என்று சேர்த்திருக்கிறது.

செய்தி ஊடகங்களுக்கு விலக்கு இல்லையா?

இருக்கிறது. நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்குவதற்கான 'நியாயமான பயன்பாட்டை' 52-வது பிரிவு அனுமதிக்கிறது. ஒரு படமே சர்ச்சையாகிச் செய்தியாகும்போது அதைக் காட்டுவது வேறு. செய்தி அலங்காரத்துக்கு யாரோ எடுத்த யானையைப் போடுவது வேறு. நான் செய்தது இரண்டாவது. 'நன்றி' என்று போடுவது அனுமதி வாங்கியதாக ஆகாது. யாருக்கு நன்றி என்றுகூடச் சொல்லாத 'இணையம்' என்பது, எடுத்தவர் பெயரைத் தேட நமக்கு நேரமில்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே.

அந்த 2,500 ரூபாய் அவருக்குப் போய்ச் சேர நான்கு மாதம் ஆனது. பான் கார்டு நகல், வங்கி விவரம், பில்லில் தேதி தப்பு, அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆள் லீவு என்று அவரை நடையாக நடக்க வைத்தோம். பணம் வந்த அன்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பினார்: "வந்துடுச்சு தம்பி. அடுத்த தடவை யானை வேணும்னா முன்னாடியே போன் பண்ணுங்க, நல்லதா ஒண்ணு தர்றேன்."