பிளக்கில் கரண்டு இல்லையா? முதலில் ஆளைப் பாருங்கள்!



நெஞ்சு நோய் கண்ட பெரியவர்கள் சிலருக்கு டாக்டர் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைக்கச் சொல்கிறார். அந்த மெஷின் வெளிக்காற்றை இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, ஆக்சிஜன் மிகுந்த காற்றைக் குழாயில் அனுப்புகிறது. எதையும் சேர்த்து வைப்பதில்லை. கரண்டு நின்றால் ஆக்சிஜனும் நின்றது. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பந்திங் ஆஸ்பத்திரிக்கோ கிள்ளானுக்கோ போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதனால் வீட்டில் உள்ளவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மெஷின் நின்றதும் பலர் ஓடிப்போய் பிளக்கை ஆட்டிப் பார்க்கிறார்கள். அது தப்பு. முதலில் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, குழாயை ஸ்பேர் சிலிண்டரில் மாட்டுங்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் திறக்காதீர்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, சிலிண்டர் இல்லாவிட்டாலோ உடனே 999-க்குக் கூப்பிடுங்கள். இருட்டாக இருந்தால் டார்ச் லைட்தான்; மெழுகுவர்த்தி, சாமி விளக்கு கூடவே கூடாது. ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு குபீரென்று பற்றிக்கொள்ளும்.

பிறகு கரண்டைப் பாருங்கள்.

1. பக்கத்து வீட்டிலும் லைட் இல்லையென்றால் வெளிச் சப்ளை போய்விட்டது. தெனாகா நேஷனலுக்கு 15454 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

2. வீட்டில் லைட் எரிகிறது, அந்த பிளக் பாயிண்ட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், மெஷினை வேறு பாயிண்டில் நேராகச் சுவரிலேயே போடுங்கள். ஓடினால் பழுது பழைய பாயிண்டில். ஓடாவிட்டால் அங்கே ஒரு டேபிள் லைட்டைப் போட்டுப் பாருங்கள். அது எரிந்தால் பழுது மெஷினில், அல்லது மூன்று கால் பிளக்குக்குள் இருக்கும் பியூஸில். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே, அதே ஆம்பியர் பியூஸை மாற்றுங்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாள், செம்புக் கம்பி வைக்கவே வேண்டாம்.

3. மெயின் பெட்டியில் சுவிட்ச் விழுந்திருந்தால் எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். கை காய்ந்திருக்க, காலில் சிலிப்பர் இருக்க, ஒரே ஒரு தடவை தூக்கிவிடுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. ஒன்றும் சொருகாமலே விழுந்தால் வயரிங்கில் பழுது, விட்டுவிடுங்கள். "விழுந்துகிட்டே இருக்கு" என்று அதைக் கட்டி வைப்பது உயிருக்கே ஆபத்து.

பாயிண்ட் கருகியிருந்தாலும், தீய்ந்த வாடை வந்தாலும் அதைத் தொடாதீர்கள். மெயினை அடைத்து வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

தோட்டத்து வீட்டுக்குப் போதிய மின்சாரம் கொடுப்பதும், வீட்டைப் பழுதில்லாமல் வைப்பதும் நிர்வாகத்தின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம் சொல்கிறது. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்காவிட்டால் சங்கத் தலைவரிடம் காட்டுங்கள்.

சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா? டார்ச் எரிகிறதா? இன்றைக்கே எழுந்து பார்த்துவிடுங்கள்.